டப்பா சார்

எங்கள் பள்ளியின் விளையாட்டு ஆசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் டப்பா சார். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

பெயருக்குக் காரணம் ஒரு பிஸ்கட் டப்பா. பெரிய, சதுரமான தகர டப்பா. மூடியில் இருந்த படமெல்லாம் எப்போதோ அழிந்துவிட்டது. மைதானத்துக்குள் நுழையும் வழியில் ஒரு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் அதை வைத்துவிடுவார். கடிகாரம், மோதிரம், செயின், வளையல், தலை கிளிப் என்று உடம்பில் எது மாட்டியிருந்தாலும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். "கழட்டு, போடு, ஓடு." இந்த மூன்று வார்த்தையை அவர் இருபத்தாறு வருடமாகச் சொல்லிவருகிறார். ஒருமுறை விளையாட்டு விழாவைத் தொடங்கிவைக்க வந்த பெரிய அதிகாரி பந்தை உதைக்கப் போனபோது அவர் முன்னாலும் டப்பாவை நீட்டினார். அதிகாரி சிரித்துக்கொண்டே கடிகாரத்தைக் கழற்றிப் போட்டார். பக்கத்தில் நின்ற தலைமை ஆசிரியைக்குத்தான் முகத்தில் ஈயாடவில்லை.

நான் அதே பள்ளியில் கணக்கு டீச்சர். ஆசிரியர் அறையில் எனக்கும் அவருக்கும் ஒரே மேஜை. அந்தப் பக்கம் அவருடைய காற்றடிக்கும் பம்ப், விசில், கிழிந்த பந்து. இந்தப் பக்கம் என் நோட்டுக் கட்டுகள். எங்களுக்குள் பதினோரு வருடப் பகை. பகையென்றால் பீரியட் பகைதான். தேர்வு நெருங்கினால் நான் அவருடைய பீரியடைக் கேட்பேன். அவர் ஒன்றும் பேசாமல் கொடுத்துவிட்டு, மழை வரும் மாதிரி இருக்கிறது என்று ஜன்னலைப் பார்ப்பார். மழையும் இருக்காது, மேகமும் இருக்காது. அந்த ஜன்னலைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதுக்குப் பதிலாக நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவருடைய கதையை ஒரு தாளில் எழுதிவிடலாம். அப்பா பஸ் மெக்கானிக். இவர் இளவயதில் எண்ணூறு மீட்டர் ஓடுவார். மாவட்டப் போட்டியில் மூன்று வருடம் ஓடி மூன்று வருடமும் நான்காவதாக வந்தார். "மூணு பேருக்குத்தான் மேடை, மிஸ். நாலாவது ஆளு நேரா தண்ணி குடிக்கப் போகலாம்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பிறகு விளையாட்டு ஆசிரியர் படிப்பு, வேலை, கல்யாணம். மனைவி ஒரு பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிறார். வெகுநாள் கழித்து ஒரே பெண். அவள் எங்கள் பள்ளியிலேயே ஒன்பதாவது படிக்கிறாள். வீட்டில் அப்பா, பள்ளியில் சார்.

அந்தப் பெண் மைதானத்தில் இறங்கமாட்டாள். சின்ன வயதில் அப்பாவின் விசில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்தவள், பதின்மூன்று வயதில் ஒருநாள் நின்றுவிட்டாள். முட்டி வலி என்றாள். டாக்டர் முட்டியில் ஒன்றுமில்லை என்றார். கொஞ்சம் பூசினாற்போல் உடம்பு. யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும். டப்பா சார் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மைதானத்து ஓரத்தில் டப்பாவுக்குக் காவலாக உட்காரவைத்துவிட்டார். ஒரு விசிலில் நூறு பிள்ளைகளை ஓடவைக்கிற மனுஷனுக்குத் தன் பெண்ணிடம் "எழுந்து வா" என்று சொல்ல வாய் வரவில்லை. இது எனக்குப் புரியவே இல்லை. எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் சொல்லாத வார்த்தை கிடையாது.

இந்த வருடம் சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு திட்டம் வந்தது. வளரும் பிள்ளைகள் உட்கார்ந்தே கிடக்கிறார்கள், அவர்களைப் பள்ளியிலேயே ஓடியாட வைக்க வேண்டும் என்று பன்னிரண்டு வாரத் திட்டம். ஒன்பதாம் வகுப்பின் இரண்டு பிரிவையும் பிடித்துக்கொண்டார்கள், மொத்தம் எண்பத்து மூன்று பேர். வாரத்துக்கு இரண்டு விளையாட்டு பீரியட் நான்காகும். காலையில் பத்து நிமிட உடற்பயிற்சி. மதிய இடைவேளையில் ஸ்கிப்பிங். கூடுதலாகக் கொடுத்த இரண்டு பீரியடும் எங்கிருந்து வந்தன என்று கேட்க வேண்டுமா? என் வயிற்றில் அடித்துத்தான்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் சாம்பல் நிறத்தில் ஒரு ரப்பர் பட்டை கொடுத்தார்கள். மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் எத்தனை அடி நடந்தோம் என்று உள்ளுக்குள் எண்ணிக்கொண்டே இருக்கும். வெளியே எதையும் காட்டாது. "இதுல டைம்கூட தெரியாதா?" என்று பிள்ளைகளுக்கு ஒரே ஏமாற்றம். சுகாதார அலுவலகத்திலிருந்து வந்த திட்டத்து அம்மா வகுப்பில் வந்து, "குளிக்கறப்போகூட கழட்டாதீங்க" என்று மூன்று தடவை சொன்னார். அப்போது டப்பா சார் வகுப்பில் இல்லை. மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

தலைமை ஆசிரியை கூட்டத்தில் கறாராகச் சொல்லிவிட்டார். "பன்னெண்டு வாரம் முடியறப்போ புள்ளைங்க நடக்கறது ஏறியிருந்தா நாலு பீரியடும் உங்களுக்கே நிரந்தரம், சார். ஏறலேன்னா ரெண்டும் கணக்குக்குத் திரும்பிடும். அதுக்கப்புறம் யாரும் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

டப்பா சார் எழுந்து நின்று, "ஏறிடும் மேடம்" என்றார். வாரம் நான்கு பீரியட் என்பது அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்டுவந்தது. அன்று மேஜைக்கு வந்து பம்பை எடுத்துக் கிழிந்த பந்துக்கே காற்றடித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் பிள்ளைகள் சும்மா பட்டையைக் கட்டிக்கொண்டு திரிய வேண்டும். பழைய கணக்கு என்னவென்று தெரிவதற்காக. அந்த வாரம் மாதத் தேர்வு. விளையாட்டே கிடையாது. சராசரி ஒரு நாளைக்கு ஏழாயிரத்துத் தொள்ளாயிரம் அடி வந்தது. இரண்டாவது வாரம் டப்பா சார் விசிலை ஊதினார்.

அவர் வாங்கிய வேலையை நான் என் வகுப்பு ஜன்னலிலிருந்தே பார்த்தேன். பிள்ளைகள் ஓடினார்கள், குதித்தார்கள், ஒருவரையொருவர் துரத்தினார்கள். வேர்த்து விறுவிறுத்து என் வகுப்புக்கு வந்து மேஜையில் தலையைச் சாய்த்தார்கள். நான் எரிந்து விழுந்தேன். வெள்ளிக்கிழமை திட்டத்து அம்மா வந்து எல்லாப் பட்டையையும் ஒரு கருவியில் காட்டி, ஆளுக்கு ஒரு நாள் சராசரி என்று ஒரு தாளை நீட்டினார். வகுப்புச் சராசரி ஏழாயிரத்து நூறு. ஏறவில்லை. இறங்கியிருந்தது.

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். உடம்பு பழகணும்ல" என்றார் டப்பா சார். அடுத்த வாரம் காலைப் பயிற்சியைப் பத்திலிருந்து இருபது நிமிடமாக்கினார். ஆறாயிரத்துத் தொள்ளாயிரம். மதியம் ஸ்கிப்பிங்கோடு படி ஏறி இறங்கவும் வைத்தார். ஆறாயிரத்து எழுநூறு. அவர் எவ்வளவுக்கு எவ்வளவு ஓடவைத்தாரோ அவ்வளவுக்கு அவ்வளவு எண்ணிக்கை குறைந்தது. தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். கடைசியில் வந்து என்னிடம் நீட்டினார்.

"மிஸ், நீங்க கணக்கு டீச்சர். இது எப்படி?"

"கணக்குல தப்பில்ல சார். கூட்டி வகுத்துப் பார்த்துட்டேன்" என்றேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன்? இரண்டு பீரியடும் திரும்பி வந்தால் எந்தப் பாடத்தை முடிக்கலாம் என்று ஏற்கெனவே ஒரு அட்டவணை போட்டு வைத்திருந்தேன்.

அவர் சும்மா இருக்கவில்லை. ஒரு பையனைப் பிடித்துக்கொண்டு, ஒரு பீரியட் முழுக்க அவன் பின்னாலேயே ஓடி, வாய்விட்டு எண்ணினார். ஐம்பது வயதைத் தாண்டிய மனுஷர் மூவாயிரத்து இருநூறு வரை எண்ணிவிட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை தாளில் அதே பையனின் ஒரு நாள் சராசரி ஐயாயிரத்து நூறு என்று இருந்தது. அவனை மேஜைக்கு வரவழைத்தார்.

"ஏம்பா, கிரவுண்ட்லயே மூவாயிரம் ஓடற. மிச்ச நேரமெல்லாம் சேத்து ரெண்டாயிரம்தானா? வீட்ல எழுந்து தண்ணிகூட குடிக்க மாட்டியா?"

பையன் திருதிருவென்று விழித்தான். "காலைல அப்பாகூட தண்ணி கேன் போட்டுட்டுதான் வரேன் சார். மூணு மாடி, நாலு மாடின்னு ஏறணும்."

"கேன் தூக்கிட்டா?"

"ஆமா சார்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பையன் போனபிறகு டப்பா சார் வெகுநேரம் விசில் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். "நான் ஓட வெக்கலியோ மிஸ்? ஓடறாங்கன்னு நானா நெனச்சிட்டு இருக்கேனோ?" என்றார். அவர் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு, அந்தக் குரலைக் கேட்டதும் டீ கசந்தது.

இந்தக் குழப்பத்துக்கு நடுவே இன்னொரு குழப்பம். வாராவாரம் அந்தத் தாளில் முதலில் இருந்தது ஐம்பத்தேழாம் நம்பர் பட்டை. பதினோராயிரம், பதினோராயிரத்து இருநூறு என்று அதுமட்டும் தனியாக மேலே நின்றது. ஐம்பத்தேழு யார் தெரியுமா? டப்பா சாரின் பெண். மைதானத்தில் ஒருநாளும் கால் வைக்காதவள்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. "எனக்குத் தெரியாம எங்கியோ நடக்கறா மிஸ். நான் பாக்கறேன்னு வெக்கம். அதான் என் கண்ணுல படாம நடக்கறா" என்றார். டியூஷனுக்குப் போகும்போது சுற்றுவழியில் போகிறாளோ, மொட்டை மாடியில் நடக்கிறாளோ என்று அவரே விதவிதமாகக் காரணம் கண்டுபிடித்தார். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவாளோ என்று பயம். அதற்குப் பதிலாக ஒரு ஜோடி ஓட்டக் காலணி வாங்கி, வீட்டு வாசலில் அவளுடைய செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். நல்ல நீல நிறம். பள்ளியில் கறுப்பைத் தவிர வேறு நிறம் போடக் கூடாது என்று தினமும் பிள்ளைகளைத் திருப்பி அனுப்புகிறவர் அவர்தான். அவள் அந்தக் காலணியைத் தொடவில்லை. மற்ற எண்பத்திரண்டு பேரின் எண்ணிக்கை அவரை அழவைத்துக்கொண்டிருந்தபோது, இந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் அவர் வெள்ளிக்கிழமைகளைத் தாண்டினார்.

பன்னிரண்டாவது வாரம் தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, "நீங்களே அறிக்கை எழுதிடுங்க மிஸ். படமெல்லாம் போட்டு, பளிச்சுனு" என்றார். திட்டத்து அம்மா முழுக் கணக்கையும் கம்ப்யூட்டரில் அனுப்பிவைத்தார். அதுவரை வந்தது நாள் கணக்கு. இது மணிக் கணக்கு. எந்தப் பிள்ளை எந்த நாளில் எந்த மணியில் எத்தனை அடி என்று எல்லாமே இருந்தது.

வியாழக்கிழமை மதியம், கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து படம் போட்டேன். காலையில் கோடு ஏறுகிறது, பள்ளிக்கு நடந்து வருகிறார்கள். அப்புறம் திடீரென்று தரையில் படுத்துவிடுகிறது. சுழி. ஒன்று இரண்டு அடி இல்லை, சுத்தமான சுழி. உட்கார்ந்திருக்கிற பிள்ளைகூடக் கையை ஆட்டும், பேனா பொறுக்கக் குனியும். பத்து இருபதாவது விழும். நேரத்தைப் பார்த்தேன். காலைப் பயிற்சி நேரம். அடுத்த சுழி விளையாட்டு பீரியட். அடுத்தது மதிய ஸ்கிப்பிங். எண்பத்திரண்டு பிள்ளைகளும் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் எண்பத்திரண்டு பட்டைகளும் செத்துக் கிடந்தன.

எங்கே கிடந்தன? டப்பாவில்.

கழட்டு, போடு, ஓடு. "கழட்டாதீங்க" என்று திட்டத்து அம்மா சொன்னது பிள்ளைகளின் காதில் விழுந்தது, உண்மைதான். ஆனால் டப்பா சார் சொல்வது ஆறாம் வகுப்பிலிருந்து அவர்கள் உடம்பிலேயே ஊறியிருக்கிறது. சாருக்குத் தெரியாதா என்று கழற்றிப் போட்டிருக்கிறார்கள். அவரோ அது கடிகாரம் மாதிரி ஒரு சாமான், கீறல் விழக் கூடாது என்று பத்திரப்படுத்தியிருக்கிறார். அவர் ஓட்டத்தைக் கூட்டக் கூட்ட, பட்டைகள் டப்பாவில் கிடந்த நேரம்தான் கூடியது. இதில் அவரைமட்டும் என்ன சொல்ல? சாம்பல் பட்டைகள் நிரம்பிய டப்பாவைப் பதினோரு வாரம் என் ஜன்னலிலிருந்து நானும்தான் பார்த்தேன். கணக்கில் பட்டம் வாங்கிய எனக்கும் உறைக்கவில்லை.

ஐம்பத்தேழின் கோட்டைத் தனியாகப் போட்டுப் பார்த்தேன். விளையாட்டு நேரத்தில் அதில் நாற்பது, ஐம்பது அடிதான். காவல் உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் அவள் ஓடாததால் பட்டையைக் கழற்றவில்லை. மணி அடித்ததும் கோடு ஜிவ்வென்று ஏறுகிறது. ஏன் என்று எனக்குத் தெரியும். வாரத்தில் பாதி நாள் என் வகுப்பு வாசலில் வந்து நின்றவள்தானே. மணி அடித்தால் பிள்ளைகள் பட்டையை மறந்துவிட்டு ஓடிவிடுவார்கள். அவள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வகுப்பாக, லேபுக்கு, நூலகத்துக்கு, மாடிக்கு, கீழே, மறுபடி மாடிக்கு என்று நம்பர் பார்த்து உரியவர் கையில் கொடுத்துவிட்டு வருவாள். அவள் ரகசியமாக எங்கேயும் நடக்கவில்லை. அப்பாவின் டப்பாவைத்தான் சுமந்துகொண்டிருந்தாள்.

இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? வாயை மூடிக்கொண்டால் இரண்டு பீரியடும் எனக்கு. சொன்னால் அவருக்கு. அதோடு, சொன்னால் அந்த வெள்ளிக்கிழமை வரி போய்விடும், வாசலில் இருக்கிற நீலக் காலணிக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும். நல்லது செய்கிறேனா கெட்டது செய்கிறேனா என்று எனக்கே பிடிபடவில்லை. எழுந்து விளையாட்டுச் சாமான் அறைக்குப் போனேன். அந்தச் சுழிகளைப் பார்த்தபிறகு ஒரு கணக்கு டீச்சரால் சும்மா இருக்க முடியவில்லை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவர் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். தாளை விரித்துக் காட்டினேன். பேயறைந்த மாதிரி நின்றார்.

"பட்டைய டப்பால வாங்கினது நான்தானே மிஸ்."

"ஆமா சார்."

"பதினோரு வாரமா?"

"ஆமா."

பந்து மூட்டைமேல் உட்கார்ந்தார். பிறகு, நான் கேட்காமலேயே, எனக்கு அதுவரை தெரியாத ஒன்றைச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், வேறு ஒரு பள்ளியில், ஒரு பையன் கோல் கம்பத்தைத் தொட எம்பிக் குதித்தான். வலை மாட்டும் கொக்கியில் அவன் மோதிரம் மாட்டிக்கொண்டது. உடம்பு கீழே வந்தது, விரல் வரவில்லை. "அவன் இப்போ நல்லா இருக்கான் மிஸ். பேங்க்ல வேலை. வருஷத்துக்கு ஒரு தடவ போன் பண்றான். நான் எடுக்கறதில்ல. என்ன பேசறதுன்னு தெரியல" என்றார். டப்பா அன்றைக்கு வாங்கியது.

பதினோரு வருடமாக ஒரே மேஜையில் உட்கார்ந்து, அந்த டப்பாவைக் கிண்டல் பண்ணாத நாள் கிடையாது நான்.

அவர் தாளையே பார்த்தார். "அப்போ... ஐம்பத்தேழு?"

இதற்குத்தான் பயந்தேன். "அவ கழட்டல சார். அதான் முழுசா விழுந்திருக்கு. டப்பாவத் தூக்கிட்டு வகுப்பு வகுப்பா போறா இல்ல, அந்த நடை."

"வேற எங்கயும் நடக்கல?"

"இல்ல சார்."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். "அப்ப நடக்கறா. ஆனா நடக்கல" என்றார். "இல்ல மிஸ், இப்போ இத நான் என்னன்னு எடுத்துக்கறது?"

அப்போதுதான் வாசலில் நிழல் தட்டியது. அவர் பெண், டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. எல்லாம் கேட்டிருக்கிறாள் என்பது மட்டும் அவள் காதின் சிவப்பில் தெரிந்தது. அவள் டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டு, எங்கள் இருவரையும் பார்க்காமல், "சாக்ஸுக்குள்ள போட்டுக்கலாமே சார். கணுக்கால்ல. எதுலயும் மாட்டாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

தலைமை ஆசிரியையிடம் நான்தான் போய்ப் பேசினேன். அவருக்கு முதலில் புரியவில்லை. "உங்களுக்குத்தானே பீரியட் வரப்போகுது, நீங்க ஏன் இதச் சொல்றீங்க?" என்று நாலு தடவை கேட்டார். நாலு தடவையும் நான் தாளைத்தான் காட்டினேன். கடைசியில், "ரெண்டு வாரம் தரேன். அதுக்குமேல ஒரு நாள் கெடையாது" என்றார். திட்டத்து அம்மாவும் ஒத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை எண்பத்து மூன்று பேரும் பட்டையைக் கணுக்காலில் கட்டி, சாக்ஸை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்கள். டப்பா சார் ஒவ்வொரு காலாகக் குனிந்து தடவிப் பார்த்தபிறகுதான் உள்ளே விட்டார். மற்ற சாமானெல்லாம் மணியடித்ததும் அவரே கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். யாரும் எதையும் மறக்கவில்லை. எல்லார் கண்ணும் இதன்மேல்தான் இருந்தது. அவர் பெண் காலியான டப்பாவுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். தூக்கிக்கொண்டு போவதற்கு ஒன்றுமில்லை.

இரண்டாவது வெள்ளிக்கிழமை தாள் வந்தது. சராசரி ஒன்பதாயிரத்து நானூறு. தலைமை ஆசிரியை அங்கேயே கையெழுத்துப் போட்டார். நான்கு பீரியடும் நிரந்தரம். ஆசிரியர் அறையில் எல்லோரும் அவருக்குக் கைகொடுத்தார்கள், நானும் கொடுத்தேன். என் அட்டவணையைச் சுருட்டிக் கூடையில் போட்டாயிற்று. அவர் நன்றி சொல்லிவிட்டு, மேஜைக்கு வந்து உட்கார்ந்து, தாளில் விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே போனார். விரல் கடைசி வரியில் வந்து நின்றது. எண்பத்து மூன்றாவது இடம், ஐம்பத்தேழாம் நம்பர். மூவாயிரத்து அறுநூறு.

இருபத்தாறு வருடம் கேட்டது கைக்கு வந்துவிட்டது. அவர் ஜன்னலைப் பார்த்தார். மழையும் இல்லை, மேகமும் இல்லை.

பட்டைகளைத் திட்டத்து அம்மா திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து மைதானத்து வாசலில் ஒன்றுக்குப் பதில் மூன்று டப்பாக்கள் இருந்தன. கடிகாரம், மோதிரம் மட்டுமில்லை. பேனா, அடையாள அட்டை, கைக்குட்டை, பெல்ட் வரை கழற்றிப் போடச் சொன்னார். மணி அடித்தால் யாரும் எதையும் எடுக்கக் கூடாது, அப்படியே வகுப்புக்கு ஓட வேண்டும். "சாமானெல்லாம் வகுப்புக்கே வரும்" என்றார். பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. தலைமை ஆசிரியைக்கும் புரியவில்லை. "நல்லாத்தானே இருந்தாரு" என்று என்னிடம் கேட்டார். வயசாகுது மேடம் என்று சொல்லி வைத்தேன்.

இன்று காலை நான் பலகையில் ஒரு சமன்பாட்டைப் பாதி எழுதியிருக்கிறேன், வாசலில் மூச்சு வாங்கும் சத்தம். வகுப்பு நடுவில் யாராவது வந்தால் எனக்கு எப்படிக் கோபம் வரும் என்று பள்ளிக்கே தெரியும். டப்பா சார் பெண், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று டப்பாக்களைத் தாடையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலில் நீலக் காலணி. கயிறுகூடச் சரியாகக் கட்டவில்லை. ரிப்பன் நிறம் மாறினாலே வெளியே நிற்கவைக்கிற நான் அதைப் பார்த்தேன், அவள் நான் பார்த்ததைப் பார்த்தாள்.

"உள்ள வரலாமா மிஸ்?"

"வா. குடுத்துட்டு, அப்படியே மூணாவது மாடி லேபுக்குப் போய் என்னோட பெரிய ஸ்கேல எடுத்துட்டு வா. அவசரமில்ல, நல்லாத் தேடு."

ஸ்கேல் என் மேஜைமேல்தான் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். "சரி மிஸ்" என்று சொல்லிவிட்டுப் படியேறப் போனாள்.